உப்புக் கால்தடம் யாருடையது? கடலூர் மர்மக் கதை எழுத்தாளர் ஒருவரின் கதை உரிமை: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் மாத நாவல், டி.வி. தொடர், சினிமா, வெப் சீரிஸ் என நான்கு இடங்களிலும் திகில், குற்றக் கதைகள் எழுதிப் பிழைத்தவர். அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரோ, நாவலின் தலைப்போ, சம்பந்தப்பட்ட நிறுவனங்களின் பெயரோ இங்கே வராது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில்லறை விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து எழுத்தாளர்களுக்கு ஒப்பந்தம் படித்துச் சொல்வது என் வேலை. அவருடைய காகிதங்களை வரிசைப்படுத்தும் பொறுப்பு 2022-ல் என்னிடம் வந்தது.

பின்னணி

திருப்பாதிரிப்புலியூர்க்காரர். எண்பதுகளின் கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முதல் தகவல் அறிக்கை, ஸ்தல மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகளிடம் போலீஸ் எடுக்கும் 161 வாக்குமூலம் எல்லாவற்றையும் நகலெடுத்துத் தட்டச்சு செய்வதுதான் தினசரி வேலை. அவர் கதைகளில் ஒரு பிணம் கிடந்தால் தலை எந்தத் திசை, செருப்பு எத்தனை அடி தள்ளிக் கிடந்தது, பக்கத்து வீட்டு விளக்கு எரிந்ததா என்று வரிசையாக வரும். மகஜர் எழுதுகிறவனுடைய கண் அது. அந்தக் காலத்து மாத நாவல்களில் இந்தக் கறார்த்தனம் அபூர்வம்.

முதல் நாவல் 1991-ல் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் நாற்பதுக்கும் மேல் எழுதினார். வெள்ளைத்தாளில் கையால் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் சென்னைக்கு அனுப்புவார். நகல் வைத்துக்கொள்வதில்லை. நாவல் கடைக்கு வந்ததும் மணியார்டர் வரும். அந்த மணியார்டர் கூப்பனைத் தவிர வேறு காகிதம் கிடையாது. ஒப்பந்தம் கேட்பதையே அவமரியாதையாக நினைத்த காலம் அது. எழுதுகிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கடலூருக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் பேய்க்கதையும் எழுதினார், சினிமாவுக்கு எழுதவும் போனார். 1948-ல் காசநோயோடு திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் இறந்தார். கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் தன் கதையைத் தானே படமாக எடுத்துவிட்டார். நம் எழுத்தாளர் இவர்கள் இருவரையும் அடிக்கடி சொல்வார். இரண்டாமவர் செய்ததைச் செய்யும் துணிச்சல் தனக்கு இல்லை என்றும் சொல்வார்.

1998 முதல்: டி.வி.

தனியார் சேனல்கள் வாரம் ஒரு அரைமணி நேரம் மர்மத் தொடருக்கு ஒதுக்கிய காலம். இவருடைய நாவல் ஒன்றைப் பதின்மூன்று வாரத் தொடராக எடுக்க ஒரு தயாரிப்பு நிறுவனம் கேட்டது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம்: மேற்படி நாவலைத் தொலைக்காட்சித் தொடராகத் தயாரிக்கச் சம்மதிக்கிறேன், ரூ.15,000 பெற்றுக்கொண்டேன், கையெழுத்து, தேதி. எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தக் குறையே பின்னால் இவரைக் காப்பாற்றியது.

தொடர் பேசப்பட்டது. கதை முதுநகர் துறைமுகத்துக் கருவாட்டுக் கிடங்கு ஒன்றில் நடக்கிறது. கொலையுண்டவன் வந்துபோன இடங்களிலெல்லாம் தரையில் ஈரமான உப்புக் கால்தடம் பதிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்த பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது இருக்கும். டைட்டில் கார்டில் 'மூலக்கதை' என்று இவர் பெயர் வந்தது.

பிறகு தினசரித் தொடர்கள் வந்தன, வாரத் தொடருக்கான நேரம் சுருங்கியது. திகில் கதைக்குத் தினசரி ஒத்துவராது. வாரத்தில் ஐந்து நாள் பயமுறுத்த முடியாததால் பேய்க்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் டூட்டி. மற்ற நான்கு நாளும் மாமியார் பார்த்துக்கொள்வார். இவர் ஒரு பெரிய வசனகர்த்தாவுக்குப் பின்னாலிருந்து எழுதத் தொடங்கினார். மத்தியானம் லாரன்ஸ் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸில் சீன் ஆர்டர் வரும். ராத்திரிக்குள் டயலாக் பேப்பர் போக வேண்டும். எபிசோடுக்கு இவ்வளவு என்று கையில் காசு, பெயர் கிடையாது. வக்கீல் ஆபீஸ் வேலையை இந்த நாட்களில்தான் விட்டார்.

சினிமா

இந்தக் கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2011-ல் தமிழக அரசின் கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' சான்று வேண்டும் என்று நிபந்தனை வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை அது தயாரிப்பாளர்களை ஆட்டிவைத்தது. அதோடு 'ஏ' சான்று பெற்ற படத்தை அப்படியே டி.வி.யில் போட முடியாது என்பதால் சேட்டிலைட் விலையும், அதாவது டி.வி. ஒளிபரப்பு உரிமையின் விலையும், அடிபடும். ஆக பேய் பயமுறுத்தவும் வேண்டும், சான்றிதழும் கெடக் கூடாது. பேயும் காமெடியும் கைகோத்து வந்ததற்கு ரசிகர்களின் ருசியைப் போல இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சாலிக்கிராமத்தில் படத்துக்குக் கதை பேசும் டிஸ்கஷன் அறைகளில் இவர் பேட்டாவுக்கு உட்கார்ந்தார். கதைகளைச் சொன்னார், எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு படத்தில் தன் நாவலின் கிடங்குக் காட்சியைப் போலவே ஒன்றைப் பார்த்துக் கொதித்துப்போனார். வழக்கறிஞரிடம் போனபோது, 1978-ல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். கருவுக்கு உரிமை கிடையாது. அதை எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்தவனுக்கு இது அதன் நகல் என்று ஐயமின்றித் தோன்ற வேண்டும். பூட்டிய கிடங்கு, உள்ளிருந்து தட்டும் சத்தம் என்பதெல்லாம் யாருக்கும் பொது. அத்துடன் விட்டார்.

இதற்கிடையே 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். மாடியறையின் தகரக் கூரை பறந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த தன் நாவல் பிரதிகள் முழுதும் நனைந்து கூழாகின. காயவைத்துப் பிரிக்கப் பார்த்தும் முடியாமல் அவர் மனைவி அவற்றை மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டார்.

2022: ஆப்ஷன் கேட்டு வந்த அழைப்பு

சென்னைத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் கிரியேட்டிவ் புரொட்யூசர் கூப்பிட்டார். ஆப்ஷன் என்றால் முன்பணம் கொடுத்து, ஒரு கதையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்களுக்கென்று நிறுத்திவைப்பது. சிறுவயதில் தொடரைப் பார்த்தவர்.

"சார், அந்த உப்புக் கால்தடம் வர்ற கதைதானே உங்களுது?"

"ஆமாம்மா, அதேதான்."

ஓ.டி.டி. தளம் ஒன்று ஆர்வமாக இருப்பதாகவும் எட்டு எபிசோடு யோசிப்பதாகவும் சொன்னார். இரண்டு நாளில் சட்டப் பிரிவிலிருந்து மெயில் வந்தது: நாவலின் முதல் பதிப்புப் பிரதி, பதிப்பாளர் ஒப்பந்தம், இதற்கு முன் எடுத்த தொடருக்கான ஒப்பந்தம், தடையில்லாச் சான்றுகள். கூடவே ஒப்பந்த வரைவு. உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், இன்று இருக்கிற, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக உரிமையை எழுதித் தருவது. யாராவது வழக்குப் போட்டால் மொத்த நஷ்டத்தையும் எழுத்தாளரே ஏற்பது.

வீட்டில் அவர் மனைவி சொன்னது நியாயமில்லாத பேச்சல்ல. "இருவது வருஷமா ஒருத்தனும் கேக்கல. இப்பதான் கேக்குறான். கையெழுத்தப் போட்டுட்டு வாங்க." மகனும் அதே கட்சி. இவருக்கும் ஆசைதான். நஷ்டப் பொறுப்பு பற்றிய பத்திதான் குமாஸ்தா புத்தியை உறுத்தியது. அதைக் காட்டத்தான் என்னிடம் வந்தார்.

காகிதம் தேடிய கதை

பதிப்பகம் மூடி வருடங்கள் ஆகிவிட்டன. நிறுவனரின் மகன் போனில் எடுத்ததும், "அப்பா எல்லாத்தையும் அவுட்ரைட்டாத்தாங்க வாங்கினாரு" என்றார், அதாவது மொத்த உரிமையும் சேர்த்து. காகிதம் இருக்கிறதா என்றதற்குப் பதில் இல்லை. தடையில்லாச் சான்றுக்கு ஒரு லட்சம் கேட்டார். தொடரை எடுத்த நிறுவனம் இன்னும் இருக்கிறது. பதின்மூன்று எபிசோடையும் யூடியூபில் ஏற்றியிருந்தது. தொடரின் பழைய டைட்டில் கார்டை வெட்டிவிட்டுப் புது லோகோ போட்டிருந்ததால் மூலக்கதை ஆசிரியர் பெயர் எங்குமே இல்லை.

நாவல் பிரதி கிடைப்பதுதான் சிரமமாக இருந்தது. புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக்காரர்களிடம் சொல்லி வைத்தோம். கடைசியில் முத்தியால்பேட்டையில் மூடும் நிலையிலிருந்த ஒரு வாடகை நூலகத்தில் அகப்பட்டது. நான்கு மாத நாவல்களைச் சேர்த்துக் காலிகோ துணி போட்டுத் தைத்த ஒரு கட்டு. உள்ளட்டையில் தேதிச் சீட்டு, ஊதா மையில் நூலக முத்திரை, விலை, வெளியான மாதம் எல்லாம் தெளிவாக இருந்தன. கடைசி இரண்டு தாள்களைக் காணோம். பதினான்காம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புண்ணியவான் பால்பாயிண்ட்டில் எழுதியிருந்தான்: 'ஐஸ் கம்பெனி மேனேஜர்தான் கொலைகாரன். மேலே படித்து ஏமாற வேண்டாம்.' எழுத்தாளர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நூலகக்காரரும் சேர்ந்துகொண்டார். அந்தக் குறிப்பு ஆதாரமாகாது. முழுப் பிரதி ஒன்று பண்ருட்டியில் ஒரு வாசகர் வீட்டில் பிறகு கிடைத்தது.

நாவலும் தொடரும் பக்கத்தில் பக்கத்தில்

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. நாவல், தொடர், புது சீரிஸுக்குத் தேவை என்று மூன்று பத்தி போட்டுக் காட்சி காட்சியாக ஒப்பிட்டோம். நாவலில் உப்புக் கால்தடம் இல்லை.

எங்குமே இல்லை. நாவலில் இருப்பது வாடை. செத்தவன் வருவதற்கு முன்னால் அறையில் கவிச்சி அடிக்கும். எண்பது பக்கமும் அந்தக் கவிச்சியை வைத்தேதான் பயம் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் கருவாட்டு நாற்றம் என்று விடுகிறார்கள், பிறகு கிடங்கே இல்லாத இடத்தில் அடிக்கிறது, பிறகு தாழம்பூ வைத்த பூஜையறையில் அடிக்கிறது. டி.வி.யில் வாடையைக் காட்ட முடியாது. ஆகவே தொடரின் இயக்குநர் தரையில் உப்புத் தடத்தைப் பதித்தார். நல்ல யோசனை, ஆனால் அவருடைய யோசனை. இருபது ஆண்டுகளாக ஊரெல்லாம் அதைச் சொல்லியே பாராட்டியதில் எழுத்தாளரே அது தன் கற்பனை என்று நம்பத் தொடங்கியிருந்தார். பேட்டிகளில்கூட அது எப்படித் தோன்றியது என்று விவரித்திருக்கிறார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்கு நினைவிருந்தது.

மறுபக்கம், தொடர் எடுத்து எறிந்த ஒன்று நாவலில் இருந்தது. பிணம் ஒதுங்குவது பெண்ணையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். அங்கே தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி எல்லையும் பின்னிக்கிடக்கின்றன. இரண்டு ஸ்டேஷனும் இது நம் எல்லை இல்லை என்று தட்டிக்கழிக்க, இரண்டு நாள் வீணாகிறது. அந்த இரண்டு நாளில்தான் தடயம் அழிகிறது. குமாஸ்தா அனுபவத்தின் சாறு அது. முழுக்க முழுக்க அவருடையது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிப்புரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்துபூர்வமாகக் கருத்து வாங்கினோம். அதற்கு ஆன செலவு எழுத்தாளருக்குப் பெரிது. ஆனாலும் தயாரிப்பு நிறுவனத்தின் சட்டப் பிரிவோடு வாயால் பேசிப் பயனில்லை, காகிதத்துக்குக் காகிதம்தான் பேசும் என்பதால் ஒப்புக்கொண்டார்.

பதிப்பகம் பற்றி: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் நிலை வேறு. இவர் அப்படி இல்லை. 19(1)-ன்படி கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. மணியார்டர் கூப்பன் உரிமைப் பத்திரமாகாது. எனவே ஒரு லட்சம் கொடுக்க வேண்டாம் என்று முடிவு. வாரிசுக்கு நிலையை விளக்கி மரியாதையாக ஒரு கடிதம் மட்டும் ரிஜிஸ்டர் தபாலில் போனது. பதில் வரவில்லை. எதிர்ப்பும் வரவில்லை.

தொடர் நிறுவனம் பற்றி: உரிமையை எழுதித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19(5), 19(6) சொல்கின்றன. 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது. 1998 கடிதம் அதற்குள் அடங்கும். ஆகவே நாவலைத் தொடராக எடுக்கும் உரிமை 2003-லேயே அவரிடம் திரும்பிவிட்டது. ஆனால் எடுத்து முடித்த தொடரின் உரிமை தயாரிப்பாளருடையது. தொடரின் உரிமை, அதற்கு மூலமான நாவலின் தனி உரிமையைப் பாதிக்காது என்கிறது 13(4). பாதிக்காது என்பது இரண்டு பக்கமும் வெட்டும். அவர்கள் நாவலைத் தடுக்க முடியாது, இவரும் உப்புக் கால்தடத்தைத் தொட முடியாது.

அதை விலைக்கு வாங்கலாமா என்று தயாரிப்பு நிறுவனம் கேட்டுப் பார்த்தது. சொன்ன விலை ஆப்ஷன் தொகையைவிட அதிகம். விட்டுவிடலாம் என்றார் எழுத்தாளர். முகம் சுண்டிப்போயிருந்தது. கிரியேட்டிவ் புரொட்யூசருக்கும் ஏமாற்றம்தான், அவர் வாங்க வந்ததே அதைத்தானே. இந்த இடத்தில் பேச்சு முறிந்துவிடும் என்று நினைத்தேன். முறியாததற்குக் காரணம் அந்தப் பெண் முழுப் பிரதியை வாங்கிக்கொண்டு போய் ஒரே ராத்திரியில் படித்தது. "சார், எல்லைத் தகராறை ஏன் சார் டி.வி.ல விட்டாங்க?" என்று மறுநாள் காலை கூப்பிட்டார்.

யூடியூப் விவகாரத்தில் சண்டை வேண்டாம் என்று தீர்மானித்தோம். கையெழுத்திட்டபோது இல்லாத ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிடாத வரை உரிமை போகாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. அது 1998 கடிதத்துக்குப் பின்னோக்கிப் பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு, வழக்கு நீளும். பெயர் போடும் உரிமை 57-ஆவது பிரிவில் இருக்கிறது. உரிமையை விற்றாலும் அது போகாது. அதை மட்டும் கேட்டோம்.

நாவலைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தோம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ரூ.500. ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் சட்டப் பிரிவுகள் சான்றிதழைக் கண்டால் பாதிக் கேள்விகளை நிறுத்திவிடுகின்றன.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களில் பேனா வைத்தோம். வெப் சீரிஸ் உரிமை மட்டும், மற்ற மொழிகளில் டப்பிங் சேர்த்து. அச்சு, ஒலிநூல், நாடகம் எழுத்தாளரிடமே. பதினெட்டு மாத ஆப்ஷனுக்கு ரூ.2 லட்சம், ஆறு மாத நீட்டிப்புக்கு ரூ.75,000, படப்பிடிப்பு தொடங்கினால் ரூ.12 லட்சம், தேதி தாண்டினால் கடிதம் எதுவும் தேவையில்லாமல் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். நஷ்டப் பொறுப்பு, அவர் வாங்கிய தொகைக்கு மேல் போகக் கூடாது. நான்காவது, ஒப்பீட்டுப் பட்டியலையே இணைப்பாகச் சேர்ப்பது: ஒப்பந்த நாளில் நாவலில் என்னென்ன இருந்தது என்பதற்கு இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. நிரந்தரம் என்ற சொல்லை எடுக்க மட்டும் ஏழெட்டு மெயில் போய்வந்தது. நஷ்டப் பொறுப்பில் அவர்கள் எளிதாக இறங்கி வந்தார்கள்.

எழுத்து அறையில்

2023-ல் புதுச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். எழுத்தாளர் ஆலோசகர். மற்ற மூவரும் முப்பதைத் தாண்டாதவர்கள், இவரை "அய்யா" என்று கூப்பிட்டார்கள்.

தளம் கதையைப் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்கு மாற்றச் சொன்னது. மஞ்சள் சுவர், போகன்வில்லா, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை என்று கண்ணுக்கு அழகு. "அங்க கவிச்சி அடிக்காதுங்களே" என்றார் இவர். மூன்று வாரம் இழுபறி. முடிவில் கிடங்கும் ஆறும் கடலூர் முதுநகரிலேயே இருக்கட்டும், விசாரணை அதிகாரி புதுச்சேரிக்காரராக இருக்கட்டும் என்று சமரசம். அந்தச் சமரசம் கதைக்கு நல்லதாகவே முடிந்தது. சிவப்புத் தொப்பி போட்ட புதுச்சேரிப் போலீஸ்காரர் ஒருவர் முள்ளோடை எல்லை தாண்டிக் கடலூர் ஸ்டேஷனில் வந்து நிற்கிற காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை.

பழைய கதையில் செல்போன் கிடையாது. டவர் லொகேஷன் வந்தால் கொலைகாரன் இரண்டாம் எபிசோடிலேயே மாட்டுவான். அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். அதைவிடப் பெரிய இடி சட்டத்திலிருந்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கு 302 என்று எழுதிய இடமெல்லாம் 103 ஆனது. அது வெறும் எண். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் ஸ்டேஷனில் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. எங்கள் எல்லை இல்லை என்று இரண்டு நாள் தட்டிக்கழிப்பதில் நிற்கிற கதைக்கு முதுகெலும்பே போனது போலிருந்தது. இளைஞர்கள் கதைக்காலத்தைப் பின்தள்ளலாம் என்றார்கள். குமாஸ்தா ஒப்பவில்லை. பதிவது வேறு, பதிந்ததை உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது வேறு. எந்த ஸ்டேஷன் உரியது என்பதில்தானே தகராறு என்றார். எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, எண் இருக்கிறது, விசாரிக்க ஆள் இல்லை என்று கதை மாறியது. முன்பைவிட இது கூர்மை.

வாடையைத் திரையில் காட்டுகிற பிரச்சினை மட்டும் தீராமல் கிடந்தது. உப்புத் தடத்தைத் தொடக் கூடாது. நாவலைத் திரும்பப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி அகப்பட்டது: யாரும் உட்காராத நாற்காலியைச் சுற்றிப் பூனை உரசிக்கொண்டு வந்தது. எழுதியவருக்கே அது நினைவில்லை. கவிச்சி அடிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம், பூனை வந்தால் போதும். முதல் எபிசோடில் ஒரு பூனை, கடைசியில் கிடங்கு நிறைய. அந்த வரி இணைப்புப் பட்டியலில் இருந்ததா என்று நான் உடனே பார்த்தேன். இருந்தது.

பின்விளைவு

சீரிஸ் வரவில்லை. எட்டு எபிசோடும் எழுதி முடிந்து, ஆறு மாத நீட்டிப்பும் வாங்கிய பிறகு, 2024 இறுதியில் தளம் தமிழ்ப் படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. இதுவும் அதில் போனது. தேதி தாண்டிய அன்று உரிமை தானாகத் திரும்பியது. ரூ.2,75,000 அவரிடம் நின்றது. அதில் 10 சதவீதம் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே-யில் டி.டி.எஸ். பிடித்தம், ஆலோசகர் சம்பளம் தனி. எழுத்து அறையில் உருவான திரைக்கதை தயாரிப்பு நிறுவனத்துடையது. ஆகவே சிவப்புத் தொப்பி அதிகாரி அவர்களுக்கு, பூனையும் கவிச்சியும் எல்லைத் தகராறும் இவருக்கு. கையெழுத்திட்ட இணைப்பு இருந்ததால் இந்தப் பாகப்பிரிவினையில் ஒரு போன்காலுக்கு மேல் பேச்சு எழவில்லை.

அச்சு உரிமையைத் தக்கவைத்ததால் நாவல் மறுபதிப்பு கண்டது. ஒலிநூலாகவும் போயிருக்கிறது. அதே கிரியேட்டிவ் புரொட்யூசர் வேறு நிறுவனத்துக்கு மாறி, ஒரு குற்றத் தொடருக்கு இவரைக் கதை ஆலோசகராக எடுத்திருக்கிறார். மாதச் சம்பளம், டைட்டில் கார்டில் பெயர். மகஜர், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, ரிமாண்ட் மனு எல்லாம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லித்தருவதுதான் அங்கே அவர் வேலை. கற்பனைக்குக் கிடைக்காத சம்பளம் குமாஸ்தா அனுபவத்துக்குக் கிடைத்தது என்று அவர் மனைவி சொல்வதை மறுக்க முடியவில்லை.

அடுத்தமுறை என்றால்

ஒப்பீட்டுப் பட்டியலைத் தொடர் எடுத்த 1998-லேயே போட்டிருந்தால் மூன்று மாத வேலை மிச்சம். யாராவது உங்கள் கதையை எடுத்தால், வெளியான மறுவாரமே உட்கார்ந்து எது உங்களுடையது, எது அவர்கள் சேர்த்தது என்று எழுதி வைத்துவிடுங்கள். பாராட்டு வரத் தொடங்கிவிட்டால் இரண்டும் மனசில் கலந்துவிடும். திகில் கதைக்கு இது மற்ற கதைகளைவிட முக்கியம். வாசகனை நாவலில் பயமுறுத்துவது ஒன்று, திரையில் வேறொன்று; ஜனங்களுக்கு நினைவில் நிற்பது பெரும்பாலும் திரையில் வந்தது.

டிஸ்கஷனுக்குப் போகும் முன் கதையை எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிந்துகொள்ளச் சொல்வேன். சொன்ன கதைக்கு அன்று ராத்திரியே சுருக்கம் எழுதி, சொன்னவருக்கு ஒரு மெயில் அனுப்புவதும் உதவும். பெயரில்லாமல் எழுதிய தினசரித் தொடர் வருடங்களுக்கு இவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த உழைப்பை மீட்க எனக்கு வழி தெரியவில்லை. பழைய நாவல்களில் எஞ்சியவற்றைத் தேடி ஸ்கேன் செய்து, மாடியிலும் மகனுடைய சென்னை வீட்டிலுமாக இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை.

ஆப்ஷன் தொகையை இன்னும் கூட்டிக் கேட்டிருக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். சீரிஸ் நின்றுபோனதைப் பார்க்கும்போது, பன்னிரண்டு லட்சத்தைக் குறைத்து முன்பணத்தைக் கூட்டியிருந்தால் லாபமாக இருந்திருக்கும். அது நடந்தபிறகு வருகிற கணக்கு. என்றாலும் அடுத்த ஒப்பந்தத்தில் முன்பணத்தைத்தான் முதலில் பேசச் சொல்வேன்.

யூடியூப் பக்கம் பெயர் கேட்டுப் போட்ட கடிதத்துக்குத் தொடர் நிறுவனம் மரியாதையாகப் பதில் எழுதியது. பதினோரு எபிசோடின் விவரக் குறிப்பில் மூலக்கதை என்று அவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நான்காவதிலும் கடைசியிலும் மட்டும் இன்னும் இல்லை. அதற்கு நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது.